நேசமலர் ஆட்டிப் பார்க்கும் சில்லு

மருந்துக்கடை வாசலில் யாராவது சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால், நேசமலரின் ஒரு கண் மருந்துச் சீட்டிலும் மறு கண் அந்த முன் சில்லிலும் இருக்கும். மருந்தைக் கொடுத்த கையோடு கவுன்ரரைச் சுற்றி வெளியே போவார். சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கி, சில்லை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுவார்.

"தம்பி, கேளும், கேளும்! ஆடுது பாரும். உள்ளுக்க கிறீஸ் காய்ஞ்சு போச்சு. இந்தக் கிழமைக்குள்ள கழட்டிப் பாக்க வேணும், இல்லாட்டி..."

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல மாட்டார். அவருடைய வசனங்கள் பாதியிலேயே அடுத்த வசனத்தில் போய் முட்டிக்கொள்ளும். இருமல் மருந்துக்கு வந்தவர் தன் சைக்கிளுக்கும் ஒரு நோய் இருப்பதை அறிந்து கவலையோடு வீடு போவார்.

நேசமலருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மெலிந்த உடம்பு, உரத்த குரல். வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கிழக்கே ஓர் ஒழுங்கையில் மாடி வீடு. பெற்றோல் கிடைக்காத அந்த வருஷத்தில் கிருலப்பனை உறவினர் வீட்டு மூலையில் கிடந்த ஒரு பழைய சைக்கிளைக் கொண்டுவந்து வேலைக்கு ஓடத் தொடங்கினார். ஒரு மாதத்தில் சில்லு இறுகி நின்றது. கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துத் தானே கழற்றினார். சில்லின் நடுக்குடத்துக்குள் வட்டமாகப் பதுங்கியிருந்த இரும்புக் குண்டுகளைக் கண்ட கணத்தில் அவருக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. "என்ர மனிசிக்கு நகைக்கடை வேண்டாம், குண்டு காணும்" என்பார் கணவர் நாகேந்திரம்.

பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் அதிகாலையில் கடலோர வீதியால் காலிமுகத்திடல் வரை சில பெண்கள் சைக்கிளில் போவார்கள். தொடக்கி வைத்தவர் நேசமலர்தான். போன போயாவுக்கு முதல்நாள், கீழ்மாடி அர்பா மாடிப்படியில் ஒரு பழைய சைக்கிளை முட்டி முட்டி ஏற்றிக்கொண்டு வந்தார். கலியாணத்துக்கு முன் ஓடியது. பிறகு ஏறவில்லை. நாளைக்குச் சவாரிக்குத் தானும் வருவதாக வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"மலரக்கா, இது ஏலுமா பாருங்க. நாளைக்கு ஏலாட்டி இனி நான் ஏறவே மாட்டன். எனக்கு என்னையத் தெரியும். அவரும் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துடுவார்."

நேசமலர் முன் சில்லைச் சுழற்றினார். மிளகு அரைபடுவது போல் ஒரு கரகரப்பு. அவர் முகம் மலர்ந்தது. "ஐயோ, என்ன வடிவான சத்தம்! இரும், இரும், நீர் சும்மா இரும்!"

வீட்டு வாசலில், மாடி நடைபாதையில் பத்திரிகையை விரித்தார். மாத்திரை எண்ணும் தட்டொன்று, மூலை உடைந்ததால் கடையில் கழித்தது, வந்து சேர்ந்தது. நட்டைத் தளர்த்தி, அச்சில் குண்டுகளை அழுத்திப் பிடித்திருக்கும் கோனைத் திருகி எடுத்ததும், கறுத்துக் காய்ந்த கிறீஸோடு குண்டுகள் தட்டில் விழுந்தன. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். குடத்தின் உட்கிண்ணங்கள் பளபளத்தன. ஒரு கோனில் மட்டும் அம்மைத் தழும்பு போல் குழிகள்.

"கிண்ணம் தப்பிட்டுது! கோன்தான் போச்சு. கோனும் புதுக் குண்டும் போட்டா... எழும்பும் அர்பா, மருதானைக்குப் போவம். கடை பூட்ட முந்தி!"

அர்பா அபாயாவைச் சரிசெய்து முடிப்பதற்குள் நேசமலர் அச்சைப் பத்திரிகையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டார். ரயிலில் இடம் இருந்தும் இருவரும் உட்காரவில்லை.

மருதானையில் சைக்கிள் சாமான் கடைக்காரப் பையன் பாதிக் கதவை இழுத்துவிட்டிருந்தான்.

"மல்லி, கோன் எக்க விதரய்!" என்று நேசமலர் சிங்களத்தில் கேட்டபடி குனிந்து உள்ளே புகுந்தார், கோன் மட்டும் போதும் என்று.

"நே அக்கே. அலுத் ரோதயக் கன்ன." புதுச் சில்லே வாங்கிக்கொள்ளச் சொன்னான். கெஞ்சியபின் பழைய கோன்கள் கிடந்த ஒரு தகரப்பேணியைத் தள்ளிவிட்டான். நேசமலர் ஒவ்வொன்றாக அச்சில் திருகினார். ஒன்று பாதியில் சிக்கியது. ஒன்று ஏறியது, ஆனால் சரிவு வேறு. வாசலில் நின்ற அர்பா அபாயாவின் கையை மடித்துவிட்டுத் தானும் பேணிக்குள் கையை விட்டார்.

"மலரக்கா, இது அதுட ஜோடி மாதிரி இல்லையா?"

அது தண்ணீரில் இறங்குவது போல் அச்சில் இறங்கியது. நேசமலர் போட்ட கூச்சலில் பையன் கையிலிருந்த பூட்டு விழுந்தது. சிரித்துக்கொண்டே புதுக் குண்டுகளை எடுத்துத் தந்தான்.

வீடு திரும்பிக் கிண்ணத்தில் புதுக் கிறீஸைத் தடவி, மாத்திரைக் கரண்டியால் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தது சுகமான வேலை. கடைசித் திருகல்தான் மனிதரைக் கொல்லும். கோன் இறுகினால் சில்லு சுற்றாது, தளர்ந்தால் ஆடும். சரியாக வைத்துவிட்டு நட்டை இறுக்கினால் கோனும் கூடவே திரும்பிவிடும். நேசமலருக்கு வியர்த்தது. மறுபடி, மறுபடி. கடைசியில் மெல்லிய ஸ்பானர் சாவியை அர்பாவின் கையில் திணித்தார்.

"கோனைப் பிடியும். உலகம் அழிஞ்சாலும் அசையாதையும்."

அர்பா மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தார். நட் இறுகியது. சில்லைத் தூக்கிச் சுழற்றினார்கள். சத்தமே இல்லை. சுழன்று, மெதுவாகி, நின்றுவிடும் என்று நினைத்த இடத்தில் காற்றடிக்கும் வால்வின் சின்னப் பாரத்துக்கே சில்லு பின்னோக்கி அசைந்தது, திரும்ப முன்னோக்கி, தொட்டில் போல.

"மாஷா அல்லாஹ்" என்றார் அர்பா மெதுவாக. நேசமலர் கைதட்டத் தொடங்கிவிட்டார்.

புடவைக்கடை பூட்டிவிட்டு வந்த அர்பாவின் கணவர் தாஸிம், மனைவியைத் தேடி மேலே ஏறி வந்தார். நடைபாதையில் மண்ணெண்ணெய் மணக்க உட்கார்ந்திருந்த இரு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். சில்லை ஒரு விரலால் தட்டினார். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"பிரேக்க பாத்தீங்களா?" என்றார்.

"அதையும் பாப்பம், இரும்!" என்று நேசமலர் சாவியைத் தூக்கினார்.

விடியற்காலை, ஒழுங்கை வாசல். காலி வீதியைக் கடந்தால் கடற்கரைப் பக்கம். நேசமலர் மூச்சுவிடாமல் புத்தி சொன்னார்: பாரும், மெதுவா, நேரா, பயப்பிடாதையும், நான் முன்னால போறன், பின்னால வாரும். அர்பா உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறினார். சொன்னதைக் கேளாமல் முன்னால் போய்விட்டார். வீதியின் நடுவில் கால் தடுமாறியது. ஒரு பஸ் ஹோர்னை அழுத்தியபடி வந்தது.

நேசமலர் மிதித்துப் போய்த் தன் சைக்கிளை அதற்குக் குறுக்கே நிறுத்தினார். "பொட்டக் இன்ன!" என்று, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையை உயர்த்தினார். பஸ் குலுங்கி நின்றது. பின்னால் முச்சக்கர வண்டிகள் கத்தின. அர்பா சமாளித்து, மிதித்து, எதிர் ஒழுங்கைக்குள் நுழைந்து கடலை நோக்கிச் சத்தமில்லாமல் உருண்டு மறைந்தார். நேசமலர் அந்தப் பக்கமே பார்த்தபடி, கிறீஸ் கறுப்புப் போகாத உள்ளங்கையை டிரைவரின் கண்ணாடிக்கு நேரே இன்னும் உயர்த்திப் பிடித்திருந்தார்.