பின்கியரில் மண்டைதீவு

வேறு ஆட்கள் சொல்லி நீங்கள் சிரிக்கமுதல் நானே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் நின்றால் மண்டைதீவு கண்ணுக்கு முன்னால் தெரியும். காகம் இளைக்காமல் போய்வருகிற தூரம். அந்தத் தூரத்துக்கே, குமட்டினால் மணந்துபார்க்க மடியில் இரண்டு தேசிக்காய் கட்டிக்கொண்டுதான் ஏறுவேன். இப்பேர்ப்பட்டவன் போன வைகாசிக் கடைசியில் வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டப் போனேன்.

எல்லாம் அந்தோனிக்காக. குருநகர் அந்தோனி மண்டைதீவுக்குச் சனம் ஏற்றுகிற மோட்டார் வள்ளக்காரன். அவனுடைய பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் வெடித்து, வள்ளம் ஏழெட்டு மாதமாகக் கரையில் கிடந்தது. உலகச் சண்டை தொடங்கின பிறகு சீமைச் சாமான் எங்கே வருகிறது? கொழும்புத்துறை மரவியாபாரி ஒருவர் வந்து பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இப்ப தந்தால் மரவிலை. இன்னும் ரெண்டு மழை பட்டால் விறகு விலை” என்று சொல்லிப் போயிருந்தார். அந்தோனிக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடமோ பனையில் மோதி உடம்பு நசிந்த லொறி ஒன்று நின்றது. எஞ்சினில் கீறல்கூட இல்லை. அதில் கோழி அடைகாத்ததுதான் மிச்சம்.

எங்கள் ஊர் சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் பத்து மைல். எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் வைக்கோல் பரப்பி மாட்டு வண்டியில் ஏற்றி, காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டேன். நாவற்குழிப் பாலத்தடியில் மாட்டுக்குத் தண்ணீர், எனக்குத் தேத்தண்ணீர். குருநகருக்குப் பதினொரு மணி. நேரத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பில் நானும் வாத்தியாரும் மனமொத்துப் பிரிந்தவர்கள்.

பூட்ட ஒரு கிழமை பிடித்தது. பழைய எஞ்சின் இருந்த கட்டை உக்கிப்போயிருந்ததால் வேம்பில் புதுக்கட்டை இறக்கினோம். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீரையே குழாயால் சுற்றவிட்டோம். பெற்றோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும் என்பதால், நாலு சொட்டுப் பெற்றோலில் எழுப்பி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற ஒரு சின்னப் பெற்றோல் தாங்கி வைத்தோம். தண்ணீருக்கு அடியில் சுழலுகிற விசிறி மட்டும் பழையதுதான்.

வெள்ளோட்டத்தன்று அந்தோனியின் மனைவி ரோசம்மா தானும் வருவதாகச் சொல்லி ஏறி முன்னுக்கு இருந்தாள். மரவியாபாரியும் கரையில் வந்து நின்றார்.

“மண்டைதீவுக்குப் போய்த் திரும்பி வந்தால் வள்ளம் உங்கடை” என்றாள் புருசனைப் பார்த்து. “நடுவிலை நிண்டால் பலகை அந்த மனிசனுக்கு. பிறகு என்னோடை கதைக்கக் கூடாது.”

அந்தோனி சுக்கானைப் பிடித்தான். நான் எஞ்சினை எழுப்பி முதல் கியரைப் போட்டேன். வள்ளம் துள்ளிக்கொண்டு பின்னுக்குப் போய் மீன்காரர் நட்ட தடியில் இடித்தது. இரண்டாம் கியர். இன்னும் கெதியாகப் பின்னுக்கு. மூன்றாவதைப் போட எனக்கே பயமாக இருந்தது.

“என்ன அண்ணை, உங்கடை லொறி ரோட்டிலையும் உப்பிடித்தானோ போனது?”

“ஓம் தங்கச்சி. அதாலைதான் பனை பின்னாலை வந்து மோதினது.”

அந்தோனி சிரிக்கவில்லை. பழைய எஞ்சின் சுற்றினது ஒரு பக்கம், லொறி எஞ்சின் சுற்றுவது மறுபக்கம். விசிறி இதழைச் சரித்து வெட்டினது பழைய சுற்றுக்கு; மறுபக்கம் சுற்றினால் வள்ளத்தைப் பின்னுக்குத்தான் தள்ளும். வேறு விசிறிக்கு எங்கே போவது? வியாபாரி மடியிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

“லொறியைப் பின்னுக்கு எடுக்கிற கியர் ஒண்டு இருக்கெல்லோ?” என்றாள் ரோசம்மா நக்கலாக. “அதைப் போட்டால் எங்கை போகும், கடலுக்கு அடியிலையோ?”

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பை நிற்பாட்டினேன். பின்கியரைப் போட்டேன்.

வள்ளம் முன்னுக்குப் போனது. அதுவும் நல்ல அமரிக்கையாக. பழைய எஞ்சின் ஆறுதலாகச் சுற்றுகிற சாதி, அதற்கேற்ற பெரிய விசிறி. லொறி எஞ்சினோ பறக்கிற சாதி. பின்கியர் அந்தப் பறப்பைக் குறைத்து, சுற்றையும் திருப்பிக் கொடுத்தது. இதை முன்பே யோசித்துச் செய்தேன் என்று அந்தோனியிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

கியர்ப்பெட்டி நாய் அழுகிறமாதிரி அழுதது. சுடத் தொடங்கினதும் ஈரச்சாக்குப் போட்டு, ரோசம்மா சிரட்டையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள். நடுக்கடலில் எஞ்சின் இருமியது. குழாயைக் கழற்றிப் பார்த்தேன். மண்ணெண்ணெய்க் குழாயில் என் மாட்டு வண்டி வைக்கோல் ஒரு துண்டு. எடுத்துவிட்டேன், இருமல் நின்றது. மண்டைதீவுச் சனம் சண்டை விமானம் வருகிறதென்று வெளியே வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபடியால், நாங்கள் வந்து சேர்ந்ததை ஒருவரும் காணவில்லை.

திரும்பிக் குருநகரில் இறங்கினதும் ரோசம்மா வியாபாரியிடம் போனாள். “முதலாளி, கோயில் பெருநாளுக்கு மண்டைதீவு போறதெண்டால் எங்கடை வள்ளத்திலை வாங்கோ. உங்களுக்குக் காசு வேண்டாம்.” அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, “எத்தினை மணிக்கு?” என்று கேட்டார். அந்தோனி அன்றைக்கு மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

போக நினைக்கிறவர்களுக்கு: தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று எழும்பமுதல், காலை எட்டு மணிக்குள் ஏறுங்கள். ஆளுக்கு ஐந்து சதம். காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள். உங்களிடமும் எஞ்சின் செத்த வள்ளம் இருந்தால் பலகையை விற்க அவசரப்படாதீர்கள். பழைய எஞ்சினைக் கழற்றமுதல் அது எந்தப் பக்கம் சுற்றுகிறதென்று கரியால் ஒரு கோடு போட்டுவையுங்கள். இந்த யுத்தகாலத்தில் புதிது வராது. ஆனால் கிடக்கிறதுகள் ஒன்றோடொன்று சேரும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

பெருநாள் முடியுமட்டும் பத்து நாள் அந்தோனியோடு நின்று வள்ளம் ஓட்டினேன். ஊருக்கு வந்த மறுநாள் சாவகச்சேரிச் சந்தையில் ஒருவர் தன் லொறியைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்துவிடச் சொன்னார். ஏறி, பத்து நாள் வள்ளப் பழக்கத்தில் முன்னுக்குப் போகிற கியரைப் போட்டேன். பின்னால் ஒரு பூசணிக்காய்க் கடை இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பூசணிக்காய்க் கறி.