திரைக்குப் பின்னால் ஓர் இடம்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் சங்கரலிங்கத்தோடு பேசும் படம் பார்க்கப் போயிருந்தேன். படம் பேசியதைவிட அவர்தான் அதிகம் பேசினார்.

எல்லாம் சீட்டைப் பற்றி. முன் வரிசைக்காரரின் தலைப்பாகை திரையில் கால்வாசியை மறைக்கிறதாம். மின்விசிறி நேராகத் தலைமேல் சுற்றுகிறதாம். நாற்காலியின் குஷன் ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறதாம். மானேஜரை இரண்டு தடவை கூப்பிட்டு அனுப்பினார். அந்த மனுஷர் பாவம், இரண்டு தடவையும் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். கதாநாயகி அழுதாளா, சிரித்தாளா என்று இன்றைக்கு வரைக்கும் சங்கரலிங்கத்துக்குத் தெரியாது.

எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. நான் பொறுமைசாலி என்பதால் அல்ல — என் வீட்டில் கேட்டால் தெரியும்! விஷயம் வேறு. இந்த ஊரில் நான் முதன்முதலாக பயாஸ்கோப் பார்த்த இடம் அப்படி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரும் இதே சங்கரலிங்கம்தான். அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. மறந்தால் நன்றாகவும் இருக்காது.

அது நான் கல்கத்தாவுக்கு வந்த புதிது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேலை வாங்கித் தருகிறேன் என்று கடிதம் எழுதியிருந்த உறவினர், நான் ஹௌராவில் வந்து இறங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் ரங்கூனுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பவானிபூரில் நம்மவர்கள் நடத்திய ஒரு மெஸ்ஸில், ஊர்க்காரர் என்ற ஒரே பாத்தியதையில் சங்கரலிங்கத்தின் அறையில் ஒண்டிக்கொண்டேன். அவர் கார்டன் ரீச்சில் ரயில்வே குமாஸ்தா. காலையில் அவர் ஆபீஸுக்குப் போவார். நான் ஆபீஸ் ஆபீஸாகப் போவேன். இரண்டு பேரும் சாயங்காலம் களைத்துத் திரும்புவோம். எனக்குச் சம்பளம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது நாலு மாசம். மனைவி கோமதி ஊரில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். என் மாமனாருக்கு வள்ளியூரில் இரும்புக் கடை. ஒரு கார்டு போட்டிருந்தார். பங்குனிக்குள் வேலை கிடைத்தால் பெண்ணைக் கல்கத்தாவுக்கு அனுப்புகிறேன். கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை திரும்பி வந்து கடையில் உட்காரலாம் — இதுதான் சாராம்சம். உட்காரலாம் என்றால் என்ன அர்த்தம்? காலம் பூராவும் மாமனார் பார்வையில் ஆணி நிறுத்துக் கொடுக்கலாம் என்று அர்த்தம். கோமதியும் தனியாக ஒரு கடிதம் எழுதினாள். எப்படியாவது வேலை தேடிக்கொள்ளுங்கள், இந்தக் கடையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான், இதில் வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

இந்தக் கவலைக்கு நடுவில் பயாஸ்கோப்பா என்று கேட்பீர்கள். கவலை இருக்கிறவன்தானே ஐயா கொட்டகைக்குப் போவான்?

பவானிபூரில் ஒரு காலி மனையில் கூடாரம் அடித்திருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைத் துணி. துணிக்கு முன்னால் நாற்காலி, பெஞ்சு, தரை என்று மூன்று வகுப்பு. துணிக்குப் பின்னால் நாலாவது வகுப்பு. அதாவது, திரையின் முதுகைப் பார்த்துக்கொண்டு மண்ணில் உட்கார வேண்டும். துணி நனைந்திருந்தால் படம் அந்தப் பக்கமும் தெரியும். காய்ந்துவிட்டால் மங்கிவிடும். அதனால் ஒவ்வொரு சுருள் முடிந்ததும் ஹரிபத என்ற ஆள், ஹோலிக்குச் சாயம் அடிக்கிற பிச்காரி மாதிரி ஒரு பெரிய பித்தளைக் குழாயில் தண்ணீர் எடுத்துத் துணி முழுக்கப் பீய்ச்சுவார். ஊர் வழக்கப்படி அவரை எல்லாரும் ஹரிபத தா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார்கள். நாங்கள் மண்ணில் உட்கார்ந்து அவரை தேவேந்திரனைப் பார்ப்பது மாதிரி பார்ப்போம்.

சங்கரலிங்கம் கூட்டிக்கொண்டு போனது இந்த நாலாவது வகுப்புக்குத்தான். படம் ஒன்றுதானே வே, எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்றார். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது சரியில்லை. அப்போது படம் பேசாது. நடுநடுவே வசனம் இங்கிலீஷில் எழுத்தாக வரும். பின்னாலிருந்து பார்த்தால் அத்தனையும் கண்ணாடியில் பார்க்கிற எழுத்து மாதிரி திரும்பியிருக்கும். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அதுவும் கண் மூடித் திறப்பதற்குள் எழுத்து போய்விடும்.

என் பக்கத்தில் சணல் கிடங்குக் கூலிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று முதல் நாளே கண்டுகொண்டார்கள். எழுத்து வந்ததும், "கீ லிகேச்சே, பாபு?" — என்ன எழுதியிருக்கு என்று நாலு பக்கமிருந்தும் கேள்வி வரும். என் ஓட்டை ஹிந்துஸ்தானியில் சொல்வேன். தாமதமானால் திட்டு விழும். முதல் வாரம் நிறையத் திட்டு வாங்கினேன். இரண்டாவது மாசம், எழுத்து விழுந்ததும் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவேன். எழுத்து திரும்பியிருக்கிறது என்ற நினைப்பே போய்விட்டது.

இன்னொரு விஷயமும் நடந்தது. படத்தில் வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் சாப்பாட்டு மேஜையில் முள்கரண்டியை வலது கையில் பிடித்திருந்தார்கள். எங்களுக்குத் திருப்தி. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்தால் இடது கையை நீட்டிக் குலுக்கிக்கொண்டார்கள். சோற்றுக் கையை ஊரான் தொடக்கூடாது என்பதில் துரைமார்களும் நம்மைப் போல ஆசாரம் பார்க்கிறார்கள் என்று சங்கரலிங்கம் விளக்கம் கொடுத்தார். எவ்வளவு பொருத்தமான விளக்கம்!

எழுத்து திரும்பித் தெரிகிறது என்று தெரிந்தவர்களுக்கு, கை திரும்பித் தெரிவது தெரியவில்லையா? நியாயமான கேள்வி. தெரியவில்லை. எழுத்தைத் திருப்பிப் படித்தோம். மனுஷர்களை மட்டும் பார்த்தபடியே நம்பினோம். சங்கரலிங்கத்தின் ஆபீஸில் நிஜமான துரைகளே இருந்தார்கள். ஆனால் எந்தத் துரையும் குமாஸ்தாவுக்குக் கை கொடுத்து அவர் பார்த்ததில்லை.

பங்குனி பிறந்து பாதி ஓடிவிட்டது. லால்திகி பக்கம் ஒரு பெரிய அச்சாபீஸில், ப்ரூஃப் பார்ப்பவருக்கு உதவியாள் வேண்டும் என்று தெரிந்து மனுப் போட்டேன். நேரில் வரச் சொல்லிப் பதில் வந்தது. சங்கரலிங்கம் தன் கோட்டைக் கொடுத்தார். புத்தியும் கொடுத்தார்.

"கும்பிடு போட்டு நிக்காதேயும் வே. கும்பிட்டா கையக் கட்டி நிக்கிற ஆளுன்னு நினைச்சிருவான். நிமிந்து போயி கையக் குடும். தைரியசாலின்னு உடனே வேலயத் தந்திருவான்."

போனேன். மேஜைக்குப் பின்னால் சாஹிப். பக்கத்தில் தலைமை குமாஸ்தா — படா பாபு என்பார்கள் — கண்ணாடியும் மேல்துண்டுமாக ஒரு வங்காளிப் பெரியவர். நான் நிமிர்ந்து நடந்தேன். புன்னகை செய்தேன். இடது கையை நீட்டினேன்.

படா பாபு கண்ணை மூடிக்கொண்டார்.

சாஹிப் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நீ இடது கைக்காரனா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அதற்கு மேல் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இந்த நாட்டில் இத்தனை வருஷம் இருப்பவருக்கு, இங்கே ஒருவன் இடது கையை நீட்டினால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? ஆளை அனுப்பிவிடுங்கள் என்று படா பாபுவிடம் சொல்லிவிட்டுக் காகிதத்தில் குனிந்துகொண்டார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். என்ன தப்புப் பண்ணினேன் என்றுகூட எனக்குப் புரியவில்லை.

என் சர்டிபிகேட்டுகளை எடுத்து வரும்வரை உள்ளே அச்சுக் கோர்க்கும் கூடத்தில் நிற்கச் சொன்னார்கள். பெரிய கல் மேஜைமேல் ஈய எழுத்துகளைக் கோர்த்து இறுக்கி வைத்திருந்த ஒரு பக்கம் கிடந்தது. மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஃபோர்மன் நின்று அதைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். என் மனசு அங்கே இல்லை. வள்ளியூரில் இருந்தது. அதனாலோ என்னவோ, அந்தப் பக்கத்தில் இருந்த மெட்ராஸ் கப்பல் விளம்பரத்தில் போய்க் கண் நின்றது. எப்போது புறப்படுகிறது? மேலே செவ்வாய்க்கிழமை என்று இருந்தது. கீழே, மூட்டை முடிச்சுகளோடு புதன்கிழமை காலை வந்து ஏறிக்கொள்ளவும் என்று இருந்தது. போன கப்பலில் எப்படி ஐயா ஏறுவது?

இதை ஃபோர்மனிடம் கேட்டேன். குற்றம் கண்டுபிடிக்கிற எண்ணமெல்லாம் இல்லை. ஊருக்குப் போகிறவனுக்குக் கிழமை தெரிய வேண்டாமா?

ஃபோர்மன் எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அச்செழுத்து எப்போதும் திரும்பித்தான் இருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத் தெரியாது. தொழில் தெரிந்தவர்கள் பக்கத்தைத் தலைகீழாக வைத்து இடமிருந்து படிப்பார்கள். அவர் அப்படித்தான் நின்றார். நானோ எதிர்ப்பக்கம், பயாஸ்கோப் பார்க்கிற பக்கம் நின்று, வலமிருந்து படித்துக்கொண்டிருந்தேன். எந்த அச்சாபீஸில் வேலை பார்த்தாய் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். நம்பவில்லை. இன்னொரு பக்கத்தைக் கொண்டுவந்து போட்டார். முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தேன். பழக்க தோஷம் — கூலிக்காரர்கள் திட்டுவார்களோ என்ற பயத்தோடு வேகமாகவே படித்தேன்.

மறுபடியும் சாஹிப் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு ஆசைதான். ஒன்றும் தோன்றவில்லை. கொட்டகை, நனைந்த துணி, நாலாவது வகுப்பு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் — அந்த அறையில், அந்த நிமிஷத்தில்தான் — கை விஷயம் எனக்கே விளங்கியது.

"ஸார், அங்கே எல்லாரும் இடது கையைத்தான் கொடுத்தார்கள்" என்றேன்.

சாஹிப் சிரித்தார் என்று சொல்ல மாட்டேன். மீசை அசைந்தது. எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, இடது கையை நீட்டினார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். படா பாபு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று மத்தியானமே வள்ளியூருக்குத் தந்தி கொடுத்தேன். அடுத்த மாசம் கோமதி வந்துவிட்டாள். அவள் ஹௌராவில் இறங்கியபோது பெட்டியைக்கூட வாங்காமல் நின்றேன்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். வேலை கிடைத்த அன்று சாயங்காலம் ஒரு பெட்டி சந்தேஷ் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஹரிபத தா தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தார். இனிப்பைக் கொடுத்து, உங்களால்தான் எனக்கு வேலை கிடைத்தது, பின்னால் இருக்கிற ஏழைகளுக்குத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு சுருளுக்கும் மெனக்கெட்டுத் துணியை நனைத்தீர்களே, அதனால்தான் என்று உருகினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் இரண்டு சந்தேஷைத் தின்று முடிக்கும்வரை நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆப் லோகோங் கே லியே நஹீங், பாபு. ஆக்!" என்றார்.

உங்களுக்காக இல்லை பாபு, நெருப்பு! விளக்குச் சூட்டில் துணி பற்றிக்கொள்ளுமோ என்று முதலாளிக்குப் பயமாம். நனைத்துக்கொண்டே இரு என்று உத்தரவாம். பின்னால் படம் தெரிகிறதா இல்லையா என்று ஹரிபத தா ஒரு நாளும் வந்து பார்த்ததில்லையாம்.

ஒரு நிமிஷம் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு யோசித்தேன். நமக்காக என்று செய்தவர்களுக்கு நன்றி சொல்ல நம் எல்லாருக்கும் தெரியும். விலாசம் தெரியும், விஜயதசமிக்குப் போய் நமஸ்காரம் பண்ணிவிட்டு வருகிறோம். ஆனால் நம்மை நினைக்காமலே, தங்கள் பாட்டுக்குத் தங்கள் வேலையை ஒழுங்காகப் பார்த்து, அதனாலேயே நமக்கு வழி பண்ணிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு நன்றி சொன்னால் விழிக்கிறார்கள். சொல்லாவிட்டால் நமக்குத் தூக்கம் வர மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. ஹரிபத தாவிடமிருந்து காலி வாளியை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். கோட்டைக் கழற்றக்கூட இல்லை. அது சங்கரலிங்கத்தின் கோட்டு, நன்றாக நனைந்தது.

நான் ஒரு வாளி தண்ணீர் தூக்கினேன். உங்களால் என்ன தூக்க முடியுமோ, பாருங்கள்.