நெல்லியாம்பதிக்குத் தேங்காய் ஏற்றிப் போன கார்

தினமும் போகிற இடத்துக்காகக் கார் வாங்க வேண்டுமா, வருடத்தில் மூன்று தடவை போகிற இடத்துக்காக வாங்க வேண்டுமா? சில மாதங்களாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். காலையில் ஒரு பதில் சரியாகத் தோன்றும். மத்தியானம் துணி காயப்போடும்போது அதே பதில் அசட்டுத்தனமாகத் தெரியும்.

தினமும் போகிற இடங்கள் பெரிய தூரமில்லை. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் எலப்புள்ளியில் வயலை ஒட்டி எங்கள் வீடு. கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஜூனில் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போகிறோம். சந்தை, ஆஸ்பத்திரி, பாலக்காட்டில் யாராவது வீட்டுக் கல்யாணம் என்று எல்லாம் சுற்றி வந்தாலும் ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் தாண்டாது. அதற்குச் சின்ன பேட்டரி வைத்த எலெக்ட்ரிக் கார் தாராளம். வருடத்தில் மூன்று தடவை போகிற இடம் என் அம்மா வீடு. அது இடுக்கி மலையில், போடிமெட்டுக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது.

கார் பேச்சு வந்ததே அந்த வீட்டால்தான். மகளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. போன வருடம் பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறி மாறிப் போனோம். போடி வந்து சேர்வதற்குள் குடித்த தண்ணீர்கூட அவள் வயிற்றில் தங்கவில்லை. மலை வளைவுகளோ அதற்கு மேல்தான் ஆரம்பிக்கின்றன. பயந்துபோய் அம்மாவுக்கு போன் செய்தேன். அவர் ஜீப் பிடித்து மலையிலிருந்து இறங்கி போடி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். அங்கே ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, கொண்டுவந்த கஞ்சியை ஊட்டினார். வெயில் தாழ்ந்ததும் அவர் மேலே போனார், நாங்கள் திரும்பி வந்தோம்.

என் அம்மாவை மகள் அம்மிச்சி என்றுதான் கூப்பிடுவாள். அன்று முதல், அம்மிச்சி வீடு எங்கே என்று யார் கேட்டாலும் மகள் பஸ் ஸ்டாண்ட் என்கிறாள். "அம்மிச்சி ஊட்டுல நெறையா பஸ்ஸு இருக்கும். முறுக்கு விப்பாங்க." கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் எனக்கு என்னவோ போலாகிவிடும்.

குழந்தை டாக்டர், சொந்த வண்டியில் வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்தி, டீசல் வாடை இல்லாமல் கூட்டிப்போய்ப் பாருங்கள் என்றார். டீசல் வாடை என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

விலை விசாரிப்பது எனக்குப் பிடித்த வேலை. கத்தரிக்காய் வாங்கினாலும் நாலு கடை கேட்பேன். ஆனால் காருக்கு விலை என்று ஒன்று கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது. விளம்பரத்தில் ஒன்று, கடையில் ஒன்று. இன்சூரன்ஸ், வரி, பதிவுச் செலவு, உள்ளே விரிக்கும் பாய்வரை சேர்த்து ரோட்டில் இறங்கும்போது வேறொன்று. ஏழு லட்சத்துச் சொச்சத்தில் ஆரம்பித்தது ஒன்பதைத் தொட்டது. வீட்டில் சார்ஜ் ஏற்றத் தனி வயரிங் போட வேண்டும், அது காரின் விலையில் சேராது. பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓடுகிற கிலோமீட்டருக்குத் தகுந்த மாதிரி மாதாமாதம் கட்டும் வழியும் இருக்கிறதாம். அப்படியென்றால் விலை குறையும். இதை மாமனாரிடம் சொன்னேன். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பழைய டீசல் வண்டி ஒன்றின் மேல் கண்.

"எஞ்சின வாடகைக்கு எடுத்துப்போட்டு கூண்ட மட்டும் வெலைக்கு வாங்கறதா? நாளைக்கு அவன் வந்து களட்டீட்டுப் போயிட்டான்னா, கோழி அடைக்கத்தான் அம்மிணி ஆகும்."

பொள்ளாச்சியில் இருக்கும் நாத்தனார், தமிழ்நாட்டில் தன் விலாசத்தில் பதிவு செய்தால் வரி மிச்சம் என்று போனில் சொன்னார். எல்லையில் குடியிருக்கிறவர்களுக்கு இந்த ஆசை எல்லாப் பொருளிலும் வரும். எனக்கும் வந்தது. ஆனால் இரண்டு ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம். மூன்றாம் நாள் பாலக்காட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே போய்க் கேட்டேன். வண்டி நிரந்தரமாக ஓடுவது இங்கே என்றால் வரியும் இங்கேதான் என்றார்கள். "கேக்காம இருந்திருந்தா மிச்சமாயிருக்குமல்லோ" என்று நாத்தனார் வருத்தப்பட்டார்.

அதே காரில் பெரிய பேட்டரி வைத்தது ஒன்றரை லட்சம் கூடுதல். சின்னது ஊருக்குள் ஓட, பெரியது மலைக்கும் சேர்த்து. அந்த ஒன்றரை லட்சத்தை என் அம்மா வீட்டு விலையாகவே மனம் எடுத்துக்கொண்டது. வீட்டில் அந்தப் பணம் இல்லாமலில்லை. சமையலறையின் கூரை ஓடுகளை மாற்றுவதற்கு என்று எடுத்து வைத்தது இருக்கிறது. மழை பெய்தால் அடுப்புக்கு மேலேயே சொட்டும். என் மாமியார், "அதுக்கு ஒரு குண்டாவ வெச்சா ஆச்சு, நீ வண்டிய வாங்கு கண்ணு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சின்ன பேட்டரியே மலை ஏறிவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. அதனால் மலையில் ஓட்டிப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்று கார் விற்கும் கடையில் சொன்னேன். டெஸ்ட் டிரைவ் என்றால் பைபாஸில் போய்த் திரும்புவதுதான் வழக்கம். ஆனால் மாதக் கடைசி, விற்பனை மந்தம். மேலாளர் நெல்லியாம்பதிவரை சம்மதித்தார். போடிமெட்டு அளவுக்கு இல்லாவிட்டாலும் அதுவும் வளைந்து வளைந்து ஏறுகிற மலைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பாலக்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். தமிழும் மலையாளமும் கலந்து கடகடவென்று பேசினாள். அவள் பேட்டரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமனார் பின்கதவைத் திறந்து ஒரு தேங்காய் மூட்டையை உள்ளே வைத்தார்.

"அங்கிள், இது எதுக்கு?"

"இவ அம்மா ஊட்டுக்குப் போறப்பவெல்லாம் தேங்காயும் அரிசியுந்தான் குடுத்துடறோம். வெறும் வண்டிய ஓட்டிப் பாத்தா என்ன தெரியும்? டிராக்டர் வாங்கறப்ப டிரெய்லர மாட்டித்தான ஓட்டிப் பாத்தோம்."

"அங்கிள், மேனேஜர் கண்டா என் வேலை போயிரும்."

"அவரையும் கூப்புடு. ஆள் கனமா இருந்தார்னா மூட்டைய எறக்கிப்போடறேன்."

என் மாமியார் சமையலறையிலிருந்து வந்து, "அரிசிய உட்டுட்டீங்களே" என்று எடுத்துக்கொடுத்தார். அரிசிச் சிப்பமும் ஏறியது. கணவர் ஓட்ட, மாமனார் முன்னால் உட்கார, பின்னால் நானும் அந்தப் பெண்ணும், நடுவில் மகளும். என் மடியில் பிளாஸ்டிக் பைகள், துண்டு, தண்ணீர், எலுமிச்சம்பழம்.

நெம்மாறை தாண்டிப் போத்துண்டி அணைவரை சமதளம். அங்கே சார்ஜ் எழுபத்திரண்டு சதவீதம் காட்டியது. ஏற்றம் தொடங்கியதும் நான் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி எண்ணைப் படிக்க ஆரம்பித்தேன்.

"என்னங்க, அறுபத்தெட்டு." கொஞ்ச நேரத்தில், "அறுபத்தஞ்சுக்கு வந்திருச்சு."

"ஏம்புள்ள, நீ இப்படிச் சொல்லச் சொல்லத்தான் அது கொறையுது. கம்முனு வெளிய பாரு" என்றார் கணவர்.

நான் மகளைப் பார்த்தேன். எந்த நிமிடமும் அவள் முகம் வெளுக்கும் என்று பையை விரித்துப் பிடித்திருந்தேன். அவளோ ஜன்னலில் மூக்கை வைத்துக் குரங்கு தேடிக்கொண்டிருந்தாள். வெளுத்தது அவளுக்குப் பக்கத்தில் இருந்த முகம். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண் சத்தமில்லாமல் இருந்தாள். பிறகு என் கையிலிருந்த பையை மெல்ல வாங்கிக்கொண்டு, "சேச்சி, ஒண்ணு நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

ஓரமாக நிறுத்தினோம். மகளுக்கென்று கொண்டுபோன எல்லாமே அவளுக்கு உதவின. மகள் இறங்கிப் போய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "வாந்தி வந்தா பயப்படக் கூடாதுங்க. எனக்கும் வரும். அப்புறம் கஞ்சி குடிக்கலாம்" என்று ஆறுதல் சொன்னாள். அந்த நிலையிலும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "தயவு செஞ்சு கடையில சொல்லாதீங்க சேச்சி. எல்லார்கிட்டயும் நான்தான் இந்தக் காரில் வாந்தியே வராதுன்னு சொல்லிட்டிருக்கேன்."

"உனக்கு வந்தது தேங்கா வாசத்துல" என்றார் மாமனார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது நாற்பத்தொன்று. கட்டன் சாயா குடித்தோம். மகள் நேந்திரம்பழத்தில் போட்ட பழம்பொரி ஒன்றை முழுவதும் தின்றாள், அது உள்ளேயே தங்கியது. இறங்கும்போது நான் ஓட்டினேன். அந்தப் பெண் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள், மாமனார் பேத்தியோடு பின்னால் போனார். என் கைகள் ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. பாதி வழியில் அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னமோ ஏறுதாட்ட இருக்குது?"

எண் நாற்பத்துநாலாகியிருந்தது. இறக்கத்தில் வண்டி உருளும்போது அதுவே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்று அந்தப் பெண் விளக்கினாள்.

"அப்ப எறக்கமாவே பாத்துப் போயிட்டிருந்தா செலவே இல்லைன்னு சொல்லு" என்றார் மாமனார்.

அடிவாரம் வந்தபோது நாற்பத்தாறு. வீடு வரும்போது இருபதுக்குச் சற்று மேல். மாமனார் டீசல் வண்டியைப் பற்றி அப்புறம் வாய் திறக்கவில்லை. தேங்காயில் பத்துக் காயை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பினார்.

என் கவலையில் பாதி அன்று போய்விட்டது. மகள் மலை ஏறுவாள். மீதிப் பாதி கூடிவிட்டது. நெல்லியாம்பதி வீட்டிலிருந்து கிட்டத்தில். அம்மா வீட்டுக்குக் குறுக்கு வழி உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர், மூணாறு என்று போகிறது. உடுமலை போய்ச் சேர்வதற்குள்ளேயே சின்ன பேட்டரியில் பாதிக்குப் பக்கம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு யானைகள் நடமாடும் காட்டுப் பாதை. அங்கே நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது? உடுமலையில் சாப்பிடும் நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார் கணவர். போனில் பார்த்தால் சார்ஜ் போடும் இடங்கள் பச்சைப் புள்ளியாகத் தெரிகின்றன. ஆனால் அவருடைய நண்பர் ஒருவர் வேறொரு ஊரில் அப்படி ஒரு புள்ளியை நம்பிப் போனாராம். மெஷின் இருந்தது, கரண்ட் இல்லை. மெஷினுக்கு அடியில் நாய் படுத்திருந்தது.

போடி வழியாகப் போனால் காடு இல்லை, ஆனால் தூரம் அதிகம். களைத்த பேட்டரியோடு கடைசியில் மலை ஏற வேண்டும். பெரிய பேட்டரி என்றால் இந்தப் பயம் பாதி குறையும். ஆனால் அடுத்த மழையில் மாமியார் குண்டாவை எடுத்து வைக்கும்போது நான் எங்கே பார்ப்பேன்?

அம்மாவிடமே கேட்டேன்.

"அங்கன வந்து உங்க வீட்டு பிளக்லதாம்மா சார்ஜ் போடணும்."

"இங்கன மழைன்னா ரெண்டு நாளைக்குக் கரண்டு இருக்காதேடி. போச்சுன்னா என்ன செய்வ?"

"வர்ற வரைக்கும் உங்க கூடத்தான் இருக்கணும்."

அம்மா, "அப்ப அந்தச் சின்னதையே வாங்கிரு. மழைக்காலமாப் பாத்து வா" என்றார். பின்னாலிருந்து அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவர்களுக்கு அது தமாஷ். கடையிலிருந்து அந்தப் பெண் அழைத்துக்கொண்டே இருக்கிறாள். இந்த வாரம் சொல்கிறேன் என்று போன வாரமும் சொன்னேன். பள்ளி திறப்பதற்குள் மகளை ஒருமுறையாவது மேலே கூட்டிப்போய்விட வேண்டும். அது மட்டும் எனக்கு உறுதி.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சின்ன பேட்டரி காரில், குழந்தையோடும் சாமான்களோடும் உடுமலையிலிருந்து மூணாறு பக்கம் ஏறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மறையூர் வந்தபோது எவ்வளவு மிச்சமிருந்தது? உடுமலையில் நம்பிப் போய் நிறுத்தக்கூடிய மெஷின் எது? மழைக்கால இடுக்கியில் வீட்டு பிளக்கில் ஒரு ராத்திரி போட்டால் திரும்பி வர அது போதுமா? இதெல்லாம் நடக்காது, ஒன்றரை லட்சத்தைக் கொடுத்துவிடுவதுதான் புத்தி என்று தோன்றினால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். கூரை ஓடுகளை அடுத்த வருடம் மாற்றிக்கொண்டவர்கள் இருந்தால், மாமியாரிடம் அதை எப்படிச் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.