அக்காவுக்குக் காது பார்த்த கதை

உங்கள் அக்கா பேச ஆரம்பித்தால் நிறுத்துவதே இல்லை என்று நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் புகார் சொல்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் மூன்று வயது வரை அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. அந்தக் கதையை எழுதி வைக்கிறேன். இதைப் படித்தால் உங்கள் அம்மா சில இடங்களில் என்னை முறைப்பாள். நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் நானும் அம்மாவும் ஒரே மில்லில் வேலை பார்த்தோம். எனக்கு அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. அம்மாவுக்கு நூலைக் கோனில் சுற்றுகிற பிரிவு. அந்த இரைச்சலுக்குள் வாயைத் திறந்து பேசினால் அவன் நேற்றுச் சேர்ந்தவன் என்று அர்த்தம். மற்ற எல்லோருக்கும் கைதான் வாய். கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்தால் தண்ணீர். மீசையைத் தடவினால் மேஸ்திரி வருகிறார். கழுத்தில் டை கட்டுவது போலக் காட்டினால் மானேஜர், உடனே எல்லோரும் யோக்கியர்களாகிவிட வேண்டும்.

மில் சுவரை ஒட்டித்தான் எங்கள் வீடு, அதனால் வீட்டுக்கு வந்தாலும் கை நிற்காது. அம்மா இன்னும் சோறு வேண்டுமா என்று கையால் கேட்பாள், போதும் என்று நான் கையால் சொல்வேன். எங்கள் சண்டைகூடக் கையால்தான். தப்பாக நினைக்காதீர்கள், சைகையைச் சொல்கிறேன். தப்பித்தவறி வாயால் பேசினால் தெருமுனை வரை கேட்கும். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிட வேண்டுமானால் தரையில் ஓங்கி ஒரு மிதி.

அக்கா இதையெல்லாம் அழகாகக் கற்றுக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரல் சாயும். ஒருமுறை என் மாமனார் வாசலில் வந்து நின்றபோது அவரைப் பார்த்துக் கழுத்தில் டை கட்டிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அவள் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவும் இல்லை.

உடனே ஊரில் ஆளாளுக்குக் காது நிபுணர் ஆகிவிட்டார்கள். தளவாய்புரத்திலிருந்து வந்த உங்கள் தாய்மாமன் அவள் பின்னால் நின்று சாப்பாட்டுத் தட்டை அடித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டில் நாய் வளர்க்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். நம் ஊர் வெள்ளை நாய்க் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேட்காமல் பிறக்கும். அதனால் குட்டியின் பின்னால் தகரத்தைத் தட்டிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அவர் அதே தகரத்தை எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் பின்னால் தட்டினார். அவள் அசையவில்லை.

“செவுடுதான்யா. சந்தேகமே இல்லை” என்றார்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். “எம்பிள்ளை என்ன நாய்க்குட்டியா? அந்தத் தகரத்தைக் கொண்டாங்க. உங்க தலையில ஒரு தட்டு தட்டுதேன், உங்களுக்குக் கேக்குதான்னு பாப்போம்.”

“கோவப்படாதம்மா. எம்புட்டுக் குட்டி பாத்திருக்கேன். மதுரையில இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்காம். அங்கேயே தங்கிக்கிடலாமாம். கொண்டுபோய் விட்டுட்டு வாங்க.”

‘அங்கேயே தங்கிக்கிடலாம்’ என்றதுதான் அம்மாவைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவள் அக்காவை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. பிள்ளையைப் பிரிய வேண்டிவருமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. நான் ஆம்பளை என்பதால் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று மிஷின் வைத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, லீவு சொல்லிவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். அங்கே இருந்த பெண் எங்களைவிட வயதில் சின்னவர். அம்மா எடுத்த எடுப்பில் அவர் காலில் விழப்போனாள்.

“நான் டாக்டர் இல்லம்மா, ஆடியாலஜிஸ்ட். எவ்வளவு கேக்குதுன்னு அளந்து சொல்றவ. எந்திரிங்க.”

சுவரெல்லாம் மெத்தை தைத்த ஒரு அறைக்குக் கூட்டிப்போய்க் கனமான கதவைச் சாத்தினார். அப்படி ஒரு அமைதியில் நான் அதற்குமுன் நின்றதே இல்லை. என் காதுக்குள் மில் ஓடிக்கொண்டிருப்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

“வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்க” என்றார்.

அம்மா தரையை மிதித்தாள். அக்கா திரும்பினாள். “பாத்தீங்களா, கேக்குது” என்றாள் அம்மா.

“தரை அதிர்ந்ததும்மா. அது கால்ல கேக்குது. எனக்குக் காதுல கேக்கணும்.”

அக்காவை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்னால் போய் ஒரு சின்ன மேளத்தைக் குச்சியால் அடித்தார். அசைவில்லை. மறுபடி அடித்தபோது அக்கா சடாரென்று திரும்பினாள். எனக்கு உயிர் வந்தது. அடுத்த அடிக்கும் திரும்பினாள். அதற்கு அடுத்த தடவை அவர் குச்சியை ஓங்கினாரே தவிர அடிக்கவில்லை. அதற்கும் திரும்பினாள்.

“அம்மா, நான் அடிக்கவே இல்லையே.”

எதிரே இருந்த கண்ணாடி பீரோவில் பார்த்துப் பார்த்து, குச்சி உயரும்போதெல்லாம் அம்மா பிள்ளையின் தொடையைக் கிள்ளியிருக்கிறாள். பரீட்சையில் பிட் கொடுப்பது மாதிரி.

“மதுரைக்கு அனுப்பிருவாகளே” என்று அம்மா அழுதாள்.

“யாரும் எங்கேயும் அனுப்பலை. நீங்க கிள்ளினா, சத்தத்துக்குத் திரும்புறாளா கிள்ளுக்குத் திரும்புறாளான்னு எனக்கு எப்படித் தெரியும்? இறக்கி விடுங்க.”

அக்கா தனியாகத் தரையில் உட்கார்ந்தாள். அவர் பின்னால் போய்க் குனிந்து என்னவோ செய்தார். அக்கா திரும்பினாள். தள்ளிப்போய், பக்கவாட்டில் செய்தார். அங்கேயும் திரும்பினாள்.

“சத்தமே இல்லாம எப்படிம்மா திரும்புறா?” என்றேன்.

“காகிதத்தை நகத்தால சுரண்டினேன். உங்களுக்குக் கேக்கலையா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்துக் கையை விரித்தாள்.

அப்புறம் அக்காவின் தலையில் மிஷினை மாட்டி, சத்தம் வரும்போதெல்லாம் ஒரு பாசிமணியைக் கிண்ணத்தில் போடு என்று கையால் காட்டினார். கைப் பாஷையில் அக்காவுக்குச் சொல்லித்தர வேண்டுமா? சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார், அவள் மணியைப் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எனக்கு மாட்டினார். நெடுநேரம் எதுவும் வராததால் மிஷின் கெட்டுவிட்டது என்று சொன்னேன்.

“மிஷின் நல்லா இருக்குங்க. சன்னமான சத்தமெல்லாம் உங்களை விட்டுப் போயிருச்சு. மில் சத்தம் தின்னுருச்சு. பாப்பா காது நல்லா இருக்கு. மில்லை ஒட்டின வீடு, நீங்க பேசுறதே தகரம் தட்டுற மாதிரி. பெரிய சத்தத்துக்கெல்லாம் எதுக்குத் திரும்பணும்னு விட்டுட்டா. வாயால பேசினாத்தான் காரியம் நடக்கும்னு அவளுக்கு யாரும் காட்டலை.”

இனிமேல் கையை மடக்கி வைக்க வேண்டும், முகத்துக்கு எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேச வேண்டும், அவள் சைகை காட்டினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் செத்த நேரம் காத்திருக்க வேண்டும் என்றார். “அப்பவும் பேசலைன்னா?” என்று அம்மா கேட்டாள். “வாங்க, அப்போ என்னன்னு பாப்போம்” என்றாரே தவிர, பேசிவிடுவாள் என்று அவர் சத்தியம் செய்யவில்லை.

மில்லில் வேலை பார்ப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது. அம்மா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று வயதுப் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் கண்டக்டர் மாதிரி ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னேன். சட்டி, உப்பு, செருப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாரங்கள் போயின, ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உச்சுக்கொட்டினார்.

ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து கால் நீட்டியிருந்தேன். அக்கா எதிரே வந்து கட்டைவிரலைச் சாய்த்தாள். நான் அசையவில்லை. மறுபடி சாய்த்தாள். “என்ன வேணும் தாயி?” என்று மெதுவாகக் கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. மில்லுக்குப் போகும்போது என் கூட்டாளிகள் வாசலில் சைக்கிளை நிறுத்தி என்னை எப்படிக் கூப்பிடுவார்களோ, அந்தத் தொனி மாறாமல் சொன்னாள்:

“ஏலே, தண்ணி.”

அடுப்படியிலிருந்து அம்மா, “என்னது, என்ன சொன்னா?” என்று கத்தினாள்.

“என்னை ஏலேங்கா.”

“தண்ணியைக் குடுங்க முதல்ல. மரியாதையைப் பொறவு பாத்துக்கிடலாம்.”

நான் ஓடிப்போய்ப் பானையில் மொண்டு வந்து கொடுத்தேன். ஒரு மடக்கில் குடித்துவிட்டு, காலி டம்ளரை என் பக்கம் நீட்டி, “ஏலே” என்றாள்.