கடந்தவர்களும் கடக்காதவர்களும்

சாலையை வரைபவர்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பார்கள், அதைக் கடப்பவர்களை எண்ண ஒரு ஆள் வெயிலில் நிற்க வேண்டும், அந்த ஆள் நான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தெருக்களை வடிவமைக்கும் ஒரு கம்பெனியில் இந்த வேலை கிடைத்தது. கையில் ஒரு சின்னக் கருவி. ஒருவர் கடந்தால் ஒரு தடவை அமுக்க வேண்டும், எண் ஏறும். எளிய வேலைதான். ஆனால் அமுக்கினேனா, இரண்டு தடவை அமுக்கிவிட்டேனா என்ற கவலையிலேயே எனக்கு பி.பி. ஏறும். ஒரு கையை நீட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் ஓடிச் சாலையைக் கடந்திருக்கும் உங்களுக்கு, அப்படி ஓடுகிறவர்களை எண்ணும் என் பாடு புரியாமல் போகாது.

போன வருஷம் அபிராமபுரத்தில் ஒரு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மூன்று நாள் நிற்கச் சொன்னார்கள். போதுமான பேர் கடந்தால் அங்கே சாலையை நடைபாதை உயரத்துக்கு மேடாக்கி, வெள்ளைக் கோடு போடுவார்கள். வண்டிகள் தானாக மெதுவாகும். ஆள் குறைந்தால் ஒன்றும் கிடையாது.

வாக்கிங் மாமா

முதல் நாள் காலையில் எண் மளமளவென்று ஏறியது. சந்தோஷமாக அமுக்கிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன், வெள்ளை ஷூ போட்ட அதே மாமா. சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சுற்றுவதுதான் அவருடைய வாக்கிங். பதினோரு தடவை எண்ணியிருக்கிறேன்! பதறிப்போய் அவரை நிறுத்தி, “உங்களை ஒரு ஆளாத்தான் சார் எழுதணும்” என்றேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“பதினோரு தடவையும் உசிரைக் கையில பிடிச்சுண்டு கடந்திருக்கேன், ஒரு தடவைதான் எண்ணுவேளா?”

கூடைக்காரி

அன்றைக்கே லூர்து வந்தாள். மீன் விற்பவள். பஸ்ஸிலிருந்து இறங்கி, தலையில் அலுமினிய அன்னக்கூடையோடு சாலை ஓரத்தில் நின்றாள். ஒரு கார் போனது, நாலு பைக் போனது, ஒரு தண்ணி லாரி போனது. காலை எடுத்து வைப்பாள், பின்னால் இழுப்பாள். கடைசியில் கூடையை இறக்கி, பஸ் ஸ்டாப் நிழலிலேயே கடை போட்டுவிட்டாள். எதிர்ப்பக்கம் நாலு தெரு அவளுடைய பழைய வாடிக்கையாம். முட்டி வலி வந்த பிறகு ஓடிக் கடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் போயே மாசக்கணக்காகிறது.

என் கையில் இருந்த கருவியைப் பார்த்து, தன்னை எண்ணினேனா என்று கேட்டாள். கடந்தவர்களை மட்டும்தான் எண்ணுவேன் என்று உண்மையைச் சொன்னேன்.

“இன்னாக்கா கணக்கு இது? கடக்க முடியாம நிக்கிறவளுக்குத்தானே வழி வோணும்!”

பென்சில் கோடு

அவள் கேட்டது நியாயம்தான். மறுநாள் அச்சடித்த தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, ‘நின்று திரும்பியவர்’ என்று எழுதினேன். லூர்து. கைத்தடி ஊன்றிய ஒரு அம்மா. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. சைக்கிளை விட்டு இறங்கிப் பார்த்துவிட்டு வந்த வழியே போன தபால்காரர். மூன்றாம் நாள் ஓரத்தில் இடமில்லாமல் பின்பக்கம் எழுதினேன்.

ஆபீஸில் இன்ஜினியர் நித்யா தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கடந்தவர்களுக்குச் சமமாகக் கடக்காதவர்கள் இருந்தார்கள். ஆபீஸ் தாளைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு வியர்த்துவிட்டது. அழித்துத் தருகிறேன் என்று பையிலிருந்து ரப்பரை எடுத்தேன்.

“அக்கா, முதல்ல அந்த ரப்பரை இப்படிக் குடுங்க!”

நீ போ, நீங்க போங்க

திரும்பியவர்களையும் நித்யா கணக்கில் சேர்த்ததில் மேட்டுக்கு வழி பிறந்தது. கட்டுவதற்கு முன் ஒரு நாள் ஒத்திகை. சுண்ணாம்பில் கோடு போட்டு, ஆரஞ்சு கோன்களை வைத்துச் சாலையைக் குறுக்கினோம். லூர்து கூடையோடு வந்து நின்றாள். ஒரு கார் நிஜமாகவே நின்றது! வண்டி நின்று அவள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. “நீ போ நைனா” என்று கையை ஆட்டினாள். கார்க்காரர் “நீங்க போங்கம்மா” என்று கையை ஆட்டினார். அவள் மறுபடி ஆட்டினாள். பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. எனக்கோ ஒரே பயம், இதைப் பார்த்துவிட்டு மேடே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று. மூன்றாவதாக நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டினார்.

“யாராச்சும் ஒருத்தர் போங்கப்பா, நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள மயிலாப்பூர் போய்ச் சேரணும்!”

வஞ்சிரம்

மேடு வந்தேவிட்டது. திறந்த அன்று லூர்து தலையில் கூடையோடு கல்யாணப் பொண்ணு மாதிரி மெதுவாக நடந்தாள். இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் வேன், எல்லாம் நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காரிலிருந்து ஒருவர் கண்ணாடியை இறக்கி, “வஞ்சிரம் இருக்கா?” என்றார். அவ்வளவுதான், நட்டநடுச் சாலையில், வெள்ளைக் கோட்டின் மேல் கூடை இறங்கிவிட்டது. நான் குடையை ஆட்டிக்கொண்டு, “ஏய் லூர்து, இது கடக்கிற இடம்!” என்று கத்தினேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“வண்டிய நிக்க வெச்சது நீதானேக்கா? நின்னவரு கேட்டா மீன் குடுக்க வாணாமா?”

வண்டிகளை நிறுத்த வரைபடம் போட்டாயிற்று; நம் ஜனங்களை நகர்த்துவதற்குத்தான் இன்னும் யாரும் வரையவில்லை.