ஊமைக் கார்

ஆராவது எனக்கு முன்னாலை அந்தக் கார்க் கொம்பனியைப் புகழத் தொடங்கினால் நான் எழும்பிப் போயிடுவன். மரியாதை தெரியாமல் இல்லை. கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது, அவ்வளவுதான். கொம்பனியின்ரை பேரையும் இதிலை எழுதப் போறதில்லை. அவங்கள் எனக்கு ஒரு பிழையும் செய்யேல்லை, நல்ல கார்தான் செய்தவங்கள். அதின்ரை பேரை வைச்சுப் புளுகினவன் நான். அந்தப் புளுகுதான் என்ரை மனிசியைத் திண்டது.

அப்ப நான் கிளிநொச்சியிலை ஒரு அரிசி மில் முதலாளிக்கு றைவர். வீடு வட்டக்கச்சிக் கொலனியிலை. யாழ்ப்பாணத்திலை காணி போதாமல், குளத்துத் தண்ணியை நம்பி இஞ்சை வந்து குடியேறின சனம் நாங்கள். மனிசியும் அவளின்ரை தாயும் வயலைப் பாப்பினம். நான் காரோடை அலைவன்.

சுதந்திரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருத்தராக் கப்பலேறினாங்கள். அப்பிடிப் போன ஒரு துரையின்ரை காரை முதலாளி ஏலத்திலை எடுத்தார். கறுப்புக் கார். எஞ்சினை மூடுற பொனற் மட்டும் ஒரு மாட்டுவண்டில் நீளம். நான்தான் மலைநாட்டுக்குப் போய் ஓட்டிக்கொண்டு வந்தனான். துரையின்ரை வயசு போன றைவர் திறப்பை என்ரை கையிலை தராமல், முதல் கொம்பனியின்ரை சரித்திரத்தைச் சொன்னான். ராசாமாரும் லாட்டுத் துரைமாரும் ஓடின காராம். டொக்டர் நெஞ்சிலை குழல் வைச்சுக் கேக்கிற மாதிரி ஒவ்வொரு எஞ்சினையும் கேட்டுத்தான் வெளியிலை விடுவாங்களாம். துளி சத்தம் கேட்டாலும் திருப்பி உள்ளுக்கு அனுப்பிப் போடுவாங்களாம். இதிலை எவ்வளவு மெய், எவ்வளவு பொய் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. சத்தம் இல்லை எண்டது மட்டும் மெய்.

லொறி வந்தால் ரெண்டு மைல் கட்டைக்கு அங்காலை வரேக்கையே எங்கடை கொலனிக்குக் கேக்கும். பஸ் வந்தால் கோழியள் வேலிக்குள்ளை ஓடும். இது படலைக்கு முன்னாலை வந்து நிண்டாலும் நாய் குலைக்காது. கிணத்தடியிலை நிக்கிற பொம்பிளையள் திரும்பிப் பாத்திட்டு "ஐயோ, இது எப்ப வந்தது?" எண்டு நெஞ்சிலை கை வைப்பினம். ஊமைக் கார் எண்டு பேர் வைச்சதும் அவைதான்.

நல்ல கார், ஆனால் வயசு போயிட்டுது. ஆனைக்கும் அடி சறுக்கும். வந்து ஆறு மாதத்திலை பெற்றோல் குழாய் வெடிச்சுது. சாமானுக்குக் கொழும்பிலை தேடியும் கிடைக்கேல்லை. நான் சவர்க்காரத்தை நனைச்சு வெடிப்பிலை அப்பி, மனிசியின்ரை பழைய சேலைக் கரையாலை இறுக்கிச் சுத்தினன். ஓடிச்சு. வெய்யில் கூடினால் சவர்க்காரம் இளகும், கார் நிக்கும். திருப்பி அப்பினால் ஓடும். இதை முதலாளிக்குச் சொன்ன உடனை மனுசன் பதறிப்போனார்.

"டேய், பொனற் திறக்கிறதை ஒருத்தரும் காணக்கூடாது. இந்தக் காரை வைச்சுத்தான் எனக்கு நாலு பேருக்கு முன்னாலை மதிப்பு."

அதுக்குத்தான் நான் புளுகத் தொடங்கினனான். ஆர் கேட்டாலும் ஒரே கதை. இது பழுதாகாத கார், பொனற்றுக்குக் கொம்பனிக்காரன் சீல் வைச்சு அனுப்பியிருக்கிறான், களைச்சால் கொஞ்சம் இளைப்பாறும், பிறகு எழும்பி ஓடும். சனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுது. எனக்கும் அதிலை புளுகம், பெருமைதான், ஏன் பொய் சொல்லுவான். றைவருக்கு வேறை என்ன மதிப்பு இருக்கு?

பிறகு அதுக்கு ராசியும் வந்து ஒட்டிச்சு. பாம்பு கடிச்ச ஒருத்தனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனன், அவன் பிழைச்சான். கடிச்சது சாரை எண்டது எனக்குத் தெரியும், விசமே இல்லை. முல்லைத்தீவுக் கரையிலை இருந்து திருக்கை முள்ளுக் குத்தின ஒரு மீன்பிடிகாரரைக் கொண்டு போனன், அவரும் நடந்து வந்தார். மூண்டாவதா ஒரு பிள்ளைத்தாச்சி. தாயும் பிள்ளையும் இந்தக் காரிலையே திரும்பி வந்தினம். போதாதே! ஊமைக் காரிலை போனால் போன உயிரும் திரும்பும் எண்டு சனம் முடிவு கட்டிப் போட்டுது. டொக்டருக்குக் கைராசி இருக்கிற மாதிரிக் காருக்கு ராசி. காய்ச்சல்காரரைப் படலையிலை கதிரை போட்டு இருத்தி வைச்சுக்கொண்டு, பஸ்ஸைப் போக விட்டிட்டு, எனக்குக் காத்திருப்பினம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு எண்டுவினம். என்ரை புளுகு மூண்டு வருசம் ஓடிச்சு.

மனிசிக்குப் பிள்ளை வயித்திலை எட்டு மாதம் தாண்டியிருந்தது. கலியாணம் முடிச்சு ஒன்பது வருசத்துக்குப் பிறகு தங்கின பிள்ளை. குழாயிலை சுத்தியிருக்கிறது தன்ரை சேலை எண்டு அவளுக்குத் தெரியும். எண்டாலும் அவளே சொல்லுவாள், "இஞ்சாருங்கோ, வலி வந்தால் நான் உங்கடை காரிலைதான் போவன்." நானும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன்.

அண்டைக்குக் காலமை அவளுக்கு நாரி நோ, இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். "இண்டைக்குப் போகாமல் விடுங்கோவன்" எண்டாள். முதலாளியின்ரை மகளைப் பொம்பிளை பாக்க மாப்பிளை வீட்டார் ரயிலிலை வவுனியாவுக்கு வருகினம். ஊமைக் காரிலைதான் கூட்டிவர வேணும் எண்டது முதலாளியின்ரை கட்டளை. "மத்தியானச் சாப்பாட்டுக்கு நிப்பன்" எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டன். அவள் படலை வரைக்கும் வந்தாள். நான் திரும்பிப் பாத்தனானோ இல்லையோ எண்டு இப்ப ஞாபகம் இல்லை. அதை நினைச்சால்தான் எனக்கு விசர் வரும்.

மாப்பிளை வீட்டார் நாலு பேர். தகப்பன்காரன் காரைச் சுத்திச் சுத்திப் பாத்தார். "சீல் வைச்ச கார் எண்டு உங்கடை முதலாளி கடிதத்திலை எழுதினவர். இதுதானோ?" எண்டார். ஓம் ஐயா எண்டன். புளியங்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரம், வெய்யில் ஏறிட்டுது. கார் ரெண்டு தரம் இழுத்துப்போட்டு நிண்டுது. அட கோதாரி எண்டு மனதுக்குள்ளை சொல்லிக்கொண்டு, ஒரு பாலை மரத்து நிழலுக்கு உருட்டி விட்டன்.

"என்ன தம்பி, பழுதோ?" எண்டார் தகப்பன்.

"இல்லை ஐயா. இளைப்பாறுது."

"ஆ! அதுதானே, பேர் எடுத்த கார்" எண்டு அவர் மெத்தைச் சீற்றிலை நல்லாச் சாஞ்சார்.

அவை இறங்கினால்தானே நான் பொனற்றைத் திறக்கலாம்? இறங்க மாட்டினமாம். வெளியிலை தூசு, உள்ளுக்கை மெத்தை. பலகாரப் பெட்டியைத் திறந்து வைச்சுச் சாப்பிட்டுக்கொண்டு, சீதனக் கதை கதைச்சுக்கொண்டு இருந்தினம். நான் வெளியிலை நிண்டு வேர்த்தன். சவர்க்காரக் கட்டி என்ரை காற்சட்டைப் பையுக்குள்ளை.

அந்த நேரம் மரம் ஏத்தின லொறி ஒண்டு வந்து பக்கத்திலை நிண்டுது. வட்டக்கச்சியிலை வீட்டுமரம் இறக்கிப் பறிக்கப் போறவன், எனக்குத் தெரிஞ்சவன். "அண்ணை, என்ன பழுது? பொனற்றைத் திறவுங்கோ, பாப்பம்" எண்டு நட்டுக் கழட்டுற சாவியளோடை இறங்கினான். மாப்பிளையின்ரை தகப்பன் உள்ளுக்கிருந்து பாத்துக்கொண்டு இருக்கிறார். எனக்கு வந்த கோபம்!

"ஆரடா பழுது எண்டது? இது இளைப்பாறுது. நீ உன்ரை வேலையைப் பாத்துக்கொண்டு போ. இப்ப வந்திடுவன்."

அவன் சிரிச்சுக்கொண்டு ஏறிப் போயிட்டான். அந்த லொறி போன திசையைப் பாத்துக்கொண்டு, நல்லாச் சமாளிச்சன் எண்டு நான் நினைச்சன். கடவுளே.

ரெண்டு மணித்தியாலம். பிறகு நாலு பேரும் குறட்டை விட்டினம். மெல்லப் பொனற்றைத் திறந்து, பழசைச் சுரண்டி, புதுசா அப்பி, சேலைத் துண்டை இறுக்கினன். பதினைஞ்சு நிமிச வேலை. பதினைஞ்சே நிமிசம்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியிலை எந்த றைவரும் நிப்பாட்டாமல் போகமாட்டான். நானும் இறங்கித் தேங்காய் உடைச்சு, "பிள்ளையாரப்பா, சுகப்பிரசவம் ஆக வேணும்" எண்டு கும்பிட்டன். தேங்காய் நல்லா உடைஞ்சுது. மாப்பிளை வீட்டார் கச்சான் கடலை வாங்கிக் கொறிச்சுக்கொண்டு நிண்டினம். கிளிநொச்சியிலை அவையை இறக்க, முதலாளி "மில்லையும் ஒருக்காச் சுத்திக் காட்டு" எண்டார். காட்டினன். நாலு மணி போலை கொலனிக்குத் திரும்பினன்.

எங்கடை வளவு முழுக்கச் சனம். எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டைப் பாத்தபடி நிண்டினம். நான் படலைக்கு முன்னாலை காரை நிப்பாட்டினன். ஒருத்தரும் திரும்பேல்லை. கேட்டால்தானே திரும்புறதுக்கு. நான் இறங்கிக் கதவை அடிச்சுச் சாத்தின பிறகுதான் ஒரு பொம்பிளை திரும்பிப் பாத்தா. பாத்திட்டு வாயைப் பொத்தினா.

மூண்டு மணிக்கு முடிஞ்சுதாம். பிள்ளை வயித்துக்குள்ளையே.

நடந்ததை மாமி, மனிசியின்ரை தாய், எனக்குப் பிறகு சொன்னா. ஒரு தரம் இல்லை, வருசக்கணக்காச் சொன்னா. நான் போய்க் கொஞ்ச நேரத்திலை வலி தொடங்கி, ரத்தம் போகத் தொடங்கியிருக்கு. மருத்துவிச்சியம்மா வந்து பாத்திட்டு, "இது எனக்கு ஏலாத அலுவல். கெதியா யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" எண்டிருக்கிறா. அப்பத்தான் அந்த லொறி வந்து மரம் பறிச்சிருக்கு. அவன் தானா ஓடிவந்து, "வைக்கல் போட்டுத் தாறன், கிடத்துங்கோ அம்மா, நான் கொண்டு போறன்" எண்டவனாம்.

மாமி கேட்டிருக்கிறா, "தம்பி, வழியிலை எங்கடை ஊமைக் காரைக் கண்டனீரோ?"

"கண்டனான் அம்மா. புளியங்குளத்துக்கு இஞ்சாலை நிக்குது. பழுது ஒண்டும் இல்லையாம், இளைப்பாறுதாம். இப்ப வந்திடுவன் எண்டு அண்ணை சொன்னவர்."

அதைக் கேட்டாப் பிறகு ஆர் லொறியிலை ஏத்துவினம்? ராசியான கார் வருகுது. புருசன்காரன் தன்ரை வாயாலை சொல்லி விட்டிருக்கிறான். மருத்துவிச்சியம்மா கத்தியிருக்கிறா, "காரையும் பாக்கவேண்டாம், கப்பலையும் பாக்கவேண்டாம், ஏத்துங்கோ!" எண்டு. ஒருத்தரும் கேக்கேல்லை. என்ரை மனிசியும் தலையை ஆட்டி, "அவர் வருவார்" எண்டிருக்கிறாள். லொறி போயிட்டுது. அது போற சத்தம் ரெண்டு கட்டைக்குக் கேட்டுதாம்.

பிறகு காத்திருப்பு. வேறை வாகனம் எண்டால் சத்தம் கேக்கேல்லை, வரேல்லை எண்டு முடிவெடுத்திருப்பினம். மாட்டுவண்டிலையாவது பூட்டியிருப்பினம். இதுக்கு அப்பிடி முடிவெடுக்க ஏலாதே. அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்காச் சொல்லுவாளாம், "அம்மா, ஒருக்காப் போய்ப் படலையைப் பாருங்கோ. அது சத்தமில்லாக் காரெல்லோ. வந்து நிக்கும்." மாமி போய்ப் பாத்திட்டு வருவா. "இன்னும் இல்லை மோனை." திரும்ப, "இப்ப பாருங்கோ அம்மா. வந்திருக்கும்." எத்தினை தரம் போனா எண்டு மாமிக்குத் தெரியேல்லை. கடைசியாப் போய்ப் பாத்திட்டு வரேக்கை சொல்லுறதுக்கு ஆள் இல்லை.

லொறிக்காரன் செத்தவீட்டுக்கு வந்து என்ரை காலைப் பிடிச்சு அழுதான். அவன் சொன்னது நான் சொல்லி விட்டதைத்தானே.

செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவு அண்டைக்குச் சனம் கூடியிருந்தது. எல்லாற்றை வாயிலையும் ஒரே கதை. "கார் மட்டும் வந்திருந்தால் பிழைச்சிருப்பாள். அந்தக் காரின்ரை ராசி அப்பிடி." எனக்குள்ளை ஏதோ அறுந்துது. வாங்கோ எல்லாரும் எண்டு கத்திக்கொண்டு படலைக்கு ஓடினன். எல்லாருக்கும் முன்னாலை பொனற்றைத் தூக்கி நிறுத்தினன்.

"பாருங்கோ! சீல் இருக்கோ? இது சவர்க்காரம். இது அவளின்ரை சேலைக் கரை. அண்டைக்குக் கார் இளைப்பாறேல்லை, பழுதாப் போய் நிண்டது. நான் பொய் சொன்னனான். மூண்டு வருசமாப் பொய் சொன்னனான்!"

ஒருத்தரும் எஞ்சினைப் பாக்கேல்லை. எல்லாரும் என்னைத்தான் பாத்தினம். ஒரு கிழவர் வந்து என்ரை தோளைப் பிடிச்சு, "விடு தம்பி. கொம்பனி வைச்ச சீலைக் கோபத்திலை உடைச்சுப் போட்டாய் போலை. காரோடை கோவிச்சு என்ன செய்யிறது?" எண்டிட்டுப் பொனற்றை மெதுவா மூடினார். அது மூடின சத்தமும் கேக்கேல்லை.

கூட்டத்துக்குள்ளை பக்கத்துக் கொலனியிலை இருந்து வந்த ஒரு தாய் நிண்டா. மகள் பக்கத்திலை, நிறைவயிறு. அவா கிட்ட வந்து, "தம்பி, இவளுக்கு அடுத்த மாதம். ஆள் அனுப்பினால் நீர் காரைக் கொண்டு வருவீரெல்லோ?" எண்டு கேட்டா.

"முதல் வாற லொறியிலை ஏத்துங்கோ!" எண்டு கத்தினன். "வண்டிலிலை ஏத்துங்கோ, தோளிலை காவுங்கோ, எனக்குக் காத்திருக்காதேங்கோ!"

அந்தப் பிள்ளை பயந்து தாய்க்குப் பின்னாலை ஒதுங்கிச்சு. மாமி எழும்பி வந்தா. எட்டு நாளா அழுது குரல் அடைச்சுப் போன மனுசி. அந்தப் பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுத் தடவிக்கொண்டு சொன்னா:

"அவர் துக்கத்திலை கதைக்கிறார் மோனை, நீ ஒண்டும் யோசியாதை. கார் வரும். படலையை மட்டும் பாத்துக்கொண்டு இரு. அதுக்குச் சத்தம் கேக்காது."