அப்டேட் செய்யாதீர்கள்

நான் வேலை பார்த்த கம்பெனி சிம்மக்கல்லில், பிளாஸ்டிக் வாளி மொத்தக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது. பள்ளிக்கூடங்களுக்குத் தொடுதிரைப் பலகைகள் விற்றோம். எங்கிருந்தோ வரும் பலகையில் எங்கள் ஸ்டிக்கரை ஒட்டி, அதன் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, முகப்புப் படத்தை மட்டும் மாற்றிவிட்டு, "எங்க சொந்த ஓ.எஸ்." என்பார் முதலாளி. கூச்சமே இல்லாமல் சொல்வார். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள்.

உண்மையில் நாங்கள் எழுதியது ஒரே ஒரு கெர்னல் மாட்யூல். இயங்குதளத்தின் உள்மையம்தான் கெர்னல். பலகையில் விரல் எங்கே பட்டது என்று அதற்குச் சொல்கிற சின்ன நிரல் இந்த மாட்யூல். எழுதியது நான். எந்தக் கெர்னலுக்கென்று கம்பைல் செய்தோமோ, அதாவது கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றினோமோ, அதில்தான் அது ஏறும். அப்டேட்டில் கெர்னல் மாறிவிட்டால் திரும்பவும் கம்பைல் செய்ய வேண்டும். முதலாளியோ என் கணினியில் உருவான ஒரு கோப்பைப் பென் டிரைவில் எடுத்து, போகிற பள்ளிக்கெல்லாம் அதையே போட்டுவிட்டார்.

சோழவந்தான் பக்கத்து மிஷன் பள்ளியிலிருந்து கணக்கு டீச்சர் ஓயாமல் கூப்பிடுவார்.

"ஏம்மா, போர்டு மறுபடியும் செத்துப்போச்சு. பிள்ளைக தொட்டுத் தொட்டுப் பாக்குதுக, அசைய மாட்டேங்குது."

பஸ் பிடித்துப் போய்ச் சரிசெய்துவிட்டு வருவேன். அடுத்த அப்டேட் வந்ததும் அதே பேச்சு, அதே பஸ்.

முதலாளி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். 'அப்டேட் செய்யாதீர்கள்' என்று லேமினேட் அட்டை அடித்து எல்லாப் பலகைகளிலும் ஒட்டச் சொன்னார். எச்சரிக்கையைவிடக் கம்பெனி பெயர் பெரிதாக இருந்தது.

எனக்கு ஆறவில்லை. மாட்யூலின் சோர்ஸ் கோடையே, அதாவது நான் எழுதிய மூல நிரலையே, ஒரு பேக்கேஜாகக் கட்டினேன். கெர்னல் மாறும்போதெல்லாம் அந்தக் கணினியே மாட்யூலைப் புதிதாகக் கம்பைல் செய்துகொள்ளும். உலகம் எப்போதோ செய்துவைத்த ஏற்பாடுதான். முதலாளியிடம் காட்டினேன்.

"இதப் போட்டுட்டா நாம போகவே வேணாம் சார்."

"போகவே வேணாமா?" முகம் சுருங்கியது. "அப்புறம் சர்வீஸ் காண்ட்ராக்ட் எவன் போடுவான்? இம்புட்டு படிச்சிருக்க, வியாபாரம் தெரியலையேம்மா. இதுல சோர்ஸ் கோட வேற தூக்கிக் குடுப்பியா?"

"லினக்ஸே நமக்குச் சும்மா வந்ததுதான சார்."

"அது அவுங்க ஏமாளித்தனம்."

அந்த ஏமாளிகள் கொடுத்ததை விற்றுத்தான் அவர் கார் வாங்கியிருந்தார். அதன் பிறகு அவரிடம் எதற்கும் அனுமதி கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த முறை சோழவந்தான் போனபோது டீச்சர் கேட்டார்: "இதுக்கு ஒரு முடிவே இல்லையாம்மா?"

"இருக்கு டீச்சர்."

பேக்கேஜைப் போட்டு, அவர் கண் முன்னாலேயே அப்டேட்டையும் ஓடவிட்டேன். கணினி தானாகக் கம்பைல் செய்து எழுந்தது. டீச்சர் பலகையில் ஒரு வட்டம் போட்டார். கோணலாக வந்தது. அதற்கு மாட்யூல் பொறுப்பல்ல. போகிற மற்ற பள்ளிகளிலும் அதையே போட்டேன்.

கொஞ்ச நாளில் முதலாளிக்குச் சந்தேகம் வந்தது. "என்னம்மா, ஒரு பள்ளிக்கூடமும் கூப்புட மாட்டேங்குது?" சொன்னேன். கத்தினார். மாடிப்படி வரைக்கும் வந்து கத்தினார்.

பிறகு ஒரு பள்ளி ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் தொழில்நுட்பத்தை எங்கள் ஆராய்ச்சிப் பிரிவு அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்ததாக முழங்கினார். பொன்னாடை போர்த்தினார்கள். ஆராய்ச்சிப் பிரிவு கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தது.

அந்த மாதமே வேலையை விட்டேன். கடைசி நாளன்று படி இறங்கும்போது கூப்பிட்டார்.

"கம்பெனி ரகசியத்த வெளிய சொல்லிராதம்மா."

அந்த ரகசியம் ஒவ்வொரு பள்ளிக் கணினியிலும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடந்தது. அதை அவருக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் போதாது.

"சரிங்க சார், போயிட்டு வாரேன்" என்று இறங்கிவிட்டேன்.